காவிரிக் கரையில் மரபு வீடு: எந்த ஊரின் மரபு?

ஊர்ப்புறத்தில் நிலம் வாங்கி வீடு கட்ட நினைப்பவர்களில் பலர் இப்போது “பழைய காலத்து வீடு மாதிரி வேண்டும்” என்று கேட்கிறார்கள். கேட்டவுடன் அவர்களுக்குக் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். முகப்பில் பளபளவென்று இரண்டு தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், கண்ணாடி போட்டு மூடிய முற்றம், சரிவாகப் போட்ட கான்கிரீட்டின் மேல் அழகுக்கு ஒட்டிய ஓடு. தஞ்சாவூரிலும் இதே படம்தான், ஓசூரிலும் இதே படம்தான். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் பக்கம் ஒருவர் மனை பார்த்தாலும் அவர் கையில் வந்து சேர்வது இந்தக் காரைக்குடிப் படமாகத்தான் இருக்கும்.

பழைய பாணியில் புது வீடு கட்டும் ஆசையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எந்த ஊரில் கட்டுகிறோமோ அந்த ஊரின் மண், கல், மழை, வேலையாட்கள் ஆகியவற்றிலிருந்து அந்த வீடு எழ வேண்டும். தூணையும் ஓட்டையும் மட்டும் வேறோர் ஊரிலிருந்து பெயர்த்து வந்து நட்டால், செலவு கூடுமே தவிர அந்த வீட்டில் மரபு எதுவும் இருக்காது. ஒகேனக்கல்லை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியை முழுதாகப் பார்க்கலாம்.

செட்டிநாட்டு வீட்டைக் குறைத்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழிலும் வணிகமும் செய்த நகரத்தார், வறண்ட சமவெளியில் எழுப்பிய மாளிகைகள் அவை. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் அங்கே வந்தது தற்செயல் அல்ல; கப்பல் போன வழியாகவே பொருளும் திரும்பி வந்தது. மரபின் முத்திரையாக நாம் நினைக்கும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்டும் உள்ளூர் மணலும் கொண்டு கண்ணாடிப் பலகையின் மேல் வார்க்கப்படுவது. அதாவது அந்த வீடுகள் கட்டப்பட்டபோது அவை ‘பழைய பாணி’ வீடுகளே அல்ல. தங்கள் காலத்தில் கிடைத்த மிகப் புதிய பொருளை, தங்கள் சடங்குக்கும் கூட்டுக் குடும்பத்துக்கும் ஏற்ற திட்டத்துக்குள் அடக்கிக் கட்டினார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்த வீடுகளிடமிருந்து கற்க வேண்டியது இந்தத் துணிவைத்தான். தூணின் செதுக்கலை அல்ல.

தமிழர் வீடு ஒன்றல்ல, பல. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கு ஒரு நாள் போய்வந்தால் இது கண்ணெதிரே தெரியும். செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, தஞ்சை உழவர் வீடு, அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு என்று ஒவ்வொன்றும் தன் தொழிலுக்கும் மண்ணுக்கும் ஏற்ப வேறாக நிற்கின்றன. நெசவாளர் வீட்டின் நடுக்கூடம் தறிக்காக நீண்டது. உழவர் வீட்டில் நெல்லுக்கு இடம் விட்டபிறகே மனிதருக்கு இடம். யாழ்ப்பாணத்தில் நாற்சார் வீடு என்ற தனி மரபு இருக்கிறது. கொங்கு நாட்டில் முற்றம் வைத்த பெரிய வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்பார்கள். கன்னட நாட்டிலும் தொட்டிமனை உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில், ஆற்றின் அக்கரையில் கர்நாடகம் நிற்க இருக்கிறது ஒகேனக்கல்.

இந்த வட்டாரத்தின் பழைய வீடு எப்படிப்பட்டது? பணக்காரர் சிலரின் தொட்டிக்கட்டு வீட்டை விட்டுவிட்டால், அது எளிய வீடு. கருங்கல் அடித்தளம், மண் குழைத்து அடுக்கிய கல் சுவர் அல்லது முழு மண் சுவர், தலை குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்த இறவாரம், முன்னால் ஒரு திண்ணை, மேலே நாட்டு ஓடு அல்லது புல் வேய்ந்த கூரை. வாசலில் கேழ்வரகும் அவரையும் காயப் போடக் களம். ஓரத்தில் மாட்டுக் கொட்டகை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்ட வேலிக்குக்கூடக் கல்லைப் பலகையாகப் பிளந்து நடுகிறார்கள். கல்லைப் பிளக்கும் இந்தக் கை மிகப் பழையது. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லச்சந்திரத்தில் கற்பலகைகளை நிறுத்தி மூடிய பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. அதியமானின் தகடூரான இந்த மண்ணில் நடுகற்களுக்குக் குறைவில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பார்க்கலாம். ஒகேனக்கல் ஆற்றுப் படுகையில் தெரியும் கார்பனடைட் பாறைக்குப் புவியியலாளர் சொல்லும் வயது சுமார் 240 கோடி ஆண்டு. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில் கல்லை மறைத்துச் சாயம் பூசி, காரைக்குடித் தூண் நடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்த எளிய வீடு ஏன் மறைந்தது என்பதற்கும் நேர்மையாக முகம் கொடுக்க வேண்டும். அதில் குடியிருந்தவர்களே அதை விரும்பித்தான் கைவிட்டார்கள். கூரை தீப்பிடித்தது, மழையில் ஒழுகியது, பாம்பும் தேளும் வந்தன. மாடி வீடு என்பது மரியாதையாகவும் இருந்தது. அரசின் திட்டங்களும் அதே திசையில் நடந்தன. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம், 2030க்குள் 8 லட்சம் வீடு என்ற இலக்கோடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வேண்டும் என்பது அதன் விதி. மழைக்கு ஒழுகாத கூரை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அறிந்தவர் யாரும் இதைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் இதன் உடன்விளைவாக ஊரில் ஓடு வேய்பவரும் மண் சுவர் வைப்பவரும் வேலையில்லாமல் வேறு தொழிலுக்குப் போனார்கள். இன்று மரபு வீடு கேட்பவர் கையில் பணம் இருப்பவர். அதை வாழ்ந்து கழித்தவருக்கு அது வேண்டாம். வீட்டுத் திட்டத்தின் முதல் தாளிலேயே இந்த முரண் நினைவில் இருக்க வேண்டும்.

மனை

ஒகேனக்கல்லில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் பாணியை அல்ல, மனையை. ஊரைச் சுற்றிலும் காப்புக்காடு. 2022இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இது யானை நடமாடும் நிலம். பட்டா நிலம்தான் என்றாலும், காட்டிலிருந்து எவ்வளவு தூரம், யானை வழியில் இருக்கிறதா, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்த ஊர் வருகிறதா என்று வனத்துறையிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அடுத்தது வெள்ளம். 2018 ஆகஸ்டிலும் 2024இல் ஜூலை முடிந்து ஆகஸ்டு பிறந்த நாட்களிலும் காவிரியில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தது. மே மாதத்தில் ஆற்றைப் பார்த்துவிட்டு ‘தண்ணீர் இங்கே வராது’ என்று தரகர் சொல்வதை நம்பக் கூடாது. பரிசல் ஓட்டுபவரிடம் கேட்டால் எந்தப் பாறை எந்த வெள்ளத்தில் மூழ்கும் என்று விரல் நீட்டிச் சொல்லுவார். உண்மையில் மரபு வீட்டுக்கு நல்ல இடம் ஆற்றோரமே அல்ல. மலைப்பாதைக்கு மேலே, பென்னாகரத்தைச் சுற்றிய ஊர்களில் ஏற்கெனவே வீடுகள் உள்ள இடத்தில் ஒரு மனை வாங்குவது காட்டுக்கும் நல்லது, கட்டுகிறவருக்கும் நல்லது.

அனுமதி முறை முன்பைவிட எளிது. 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மாநிலம் முழுக்கப் பொருந்தும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால் சுயசான்று போதும். மண் கட்டடத்துக்கு விதியில் இடமில்லை என்று சிலர் சொல்வதைக் கேட்டுத் தயங்க வேண்டாம். மண் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனுக்கு 1993இலேயே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 13827 எண்ணில் வழிகாட்டி வெளியிட்டது. அழுத்திய மண் கட்டிக்கும் 1725 எண்ணில் தர விதி உண்டு. வங்கிக் கடன்தான் சிக்கல். மண் சுவர், ஓட்டுக் கூரை என்றால் மதிப்பீட்டாளர் முகம் சுளிக்கக்கூடும். கடனை நம்பிக் கட்டுபவர் இதை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

மனையடி சாஸ்திரம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் திசை குறிப்பது நம் மரபில் வெறும் நம்பிக்கையாக இருந்ததில்லை. கோல் நட்டு, நிழல் பார்த்து, நூல் பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்ததை நெடுநல்வாடை சொல்கிறது. வெயில் எப்போது எந்தச் சுவரில் விழும் என்பதை அறிந்தே வீட்டைத் திருப்பினார்கள். ஒகேனக்கல் போன்ற பள்ளத்தாக்கில் மேற்கு வெயில்தான் கொடியது. மேற்கில் தாழ்வாரமோ கொட்டகையோ சமையலறையோ வைத்துவிட்டால் படுக்கும் அறை தப்பிக்கும்.

சுவரும் சுண்ணாம்பும்

இந்த வீட்டின் உயிர் சுவரில் இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மண் சுவருக்கு எதிரி இரண்டு. கீழிருந்து ஏறும் ஈரம் ஒன்று, பக்கத்திலிருந்து அடிக்கும் சாரல் மற்றொன்று. பழைய கொத்தனார் இரண்டுக்கும் விடை வைத்திருந்தார். தரைக்கு மேல் இரண்டடியாவது கருங்கல் கட்டு. மேலே இரண்டு அல்லது மூன்றடி நீண்ட இறவாரம். இந்த இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் உள்ள மண்ணுக்குத் தலைமுறைகள் கடந்தும் ஒன்றும் ஆகாது. மண் வீடு கரைந்துவிடும் என்று பயப்படுபவர்கள் பார்த்த வீடுகளில் இரண்டில் ஒன்று தவறியிருக்கும்.

எந்த மண் என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டடி ஆழத்துச் செம்மண்ணை ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றி, சிட்டிகை உப்பும் போட்டு நன்றாகக் குலுக்கி ஓர் இரவு வைத்தால் போதும். அடியில் சரளை, அதன்மேல் மணல், அதற்கு மேல் வண்டல், உச்சியில் களி என்று அடுக்கடுக்காகப் படியும். களி அதிகமானால் சுவர் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்க வேண்டும். மணல் அதிகமானால் பிடிப்பு இராது. ஆரோவில் பூமி நிறுவனம் 1989 முதல் இந்தக் கைப்பக்குவத்தை அளவுகளாக மாற்றிக் கற்றுக்கொடுத்து வருகிறது. அங்கே வடிவமைத்த இயந்திரத்தில் ஈர மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்டு கலந்து அழுத்தினால், சூளையில் சுடாமலே கட்டி கிடைக்கும். நாலு வாரம் நனைத்து ஆறவிட வேண்டும். தோண்டிய குழியே மழைநீர்த் தொட்டிக்கு இடமாகும். விறகு எரிக்க வேண்டியதில்லை என்பது காட்டை ஒட்டிய ஊரில் சிறிய விஷயமல்ல.

கல் சுவரா, மண் கட்டியா என்று கேட்டால், ஆள் கிடைப்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம் என்பேன். கல் அடுக்கத் தெரிந்தவர் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார். அறைச் சுவர்களைச் செங்கல்லில் வைப்பதானால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் இந்த முறையில் கல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். 2007இல் மறைந்த பேக்கர், ஊர் வீடுகளைப் பார்த்துக் கற்றதை வெட்கப்படாமல் சொன்னவர். அவரிடம் அலங்காரத்துக்கு என்று ஒரு செங்கல் கூட இருக்காது.

தடித்த சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் நெடுநேரம் பிடித்து வைக்கும்; இரவில் அதைத் திரும்ப வெளியே விடும். மேட்டு நிலத்தில், இரவு குளிரும் ஊரில் இது வரம். ஆற்றுப் பள்ளத்தில் இரவும் புழுக்கமாக இருக்கும் நாட்களில் அதே சுவர் உள்ளே அனலாகும். ஆகவே காற்று போக வழி வேண்டும். முகட்டுக்குக் கீழே திறப்பு, எதிரெதிர் சன்னல், திறந்த முற்றம் மூன்றும் இல்லாமல் தடித்த சுவரை மட்டும் கட்டினால் பழைய வீட்டின் பாதியைத்தான் கட்டியதாகும். கண்ணாடி போட்டு மூடிய முற்றம் வெயிலை உள்ளே இழுத்து வெப்பத்தை வெளியேறவிடாது. அதைவிட முற்றமே வைக்காமல் இருக்கலாம்.

பூச்சு வேலையில்தான் இன்று அதிகம் தவறுகிறார்கள். மண் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் சுவருக்குள் புகுந்த ஈரம் வெளியேற முடியாமல் தங்கும். சில மழைக்காலத்துக்குப் பிறகு பூச்சு உப்பிப் பலகை பலகையாக விழும். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அவசரக்காரர் வேலை அல்ல. சுட்ட சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ குழியில் போட்டுத் தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் பொங்கும். அருகில் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து. கொதி அடங்கி வெண்ணெய் போல் ஆனதைச் சலித்து, காயாமல் மூடி, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். நாள் ஆக ஆகத்தான் அது பக்குவப்படும். இன்னொரு தொட்டியில் இடித்த கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிக்கொண்டிருக்கும். ஊறிய சுண்ணாம்போடு இரண்டு மூன்று பங்கு மணல் சேர்த்து, அந்தக் கடுக்காய்த் தண்ணீரை விட்டு அரைப்பார்கள். முன்பு வட்டக் கால்வாயில் கல்லுருளையை மாடு இழுத்து அரைத்தது. இப்போது இயந்திரம் அரைக்கிறது. கரணையில் எடுத்தால் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வழுக்கி இறங்குவதுதான் அரைத்தது போதும் என்பதற்கு அடையாளம். ஒரு பூச்சு பூசி, அது இறுகும்போது மணியாசுக் கட்டையால் தட்டித் தேய்த்து, அடுத்ததற்கு நாள் விட வேண்டும். செட்டிநாட்டில் கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, கசியும் நீரைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். நம் எளிய வீட்டுக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு தேவையில்லை. இரண்டு பூச்சும் ஆண்டுக்கொரு வெள்ளையடிப்பும் போதும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாக மாறுவது. அதனால்தான் பழைய சுவரில் ஆணி அடிக்கப் போனால் ஆணி வளைகிறது.

கூரை

மேற்கூரையில் நாட்டு ஓடுதான் இந்த ஊரின் முகம். குயவர் சக்கரத்தில் உருளையாக வனைந்து, பாதி காய்ந்ததும் நெடுக்காக இரண்டாக அறுத்துச் சுடும் ஓடு அது. மங்களூர் ஓடு பிறகு வந்தது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவி, நூறாண்டில் நம் ஊர் ஓடாகவே ஆகிவிட்டது. இரண்டில் எது என்ற கேள்விக்கு ஒகேனக்கல்லில் குரங்கு பதில் சொல்லும். அருவிக்கரையில் பயணிகளின் தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குக் கூட்டம் நாட்டு ஓட்டின் மேல் ஒருமுறை ஓடினால் அரைநாள் வேலை வீண். முன்பு ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்றி வேய்வது வழக்கம்; வேய்பவர் ஊரிலேயே இருந்தார். இன்று மங்களூர் ஓட்டைக் கம்பியால் ரீப்பரோடு கட்டிப் போடுவதோ, நாட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் வரிசையாகப் பதித்துவிடுவதோதான் நடைமுறை. தட்டையான மாடி வேண்டும் என்பவர், கான்கிரீட்டின் அடிப்பகுதியில் பழைய மங்களூர் ஓடுகளை இடையிட்டு வார்க்கும் பேக்கர் முறையைக் கையாளலாம். கம்பியும் சிமெண்டும் குறையும். அரசுத் திட்டத்து வீடுகளிலும் இதைப் பழக்கினால் எவ்வளவோ மிச்சம் என்பது என் நெடுநாள் ஆசை.

கைமரத்துக்கு ஒரு காலத்தில் பனை. வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் மூன்று தலைமுறை நிற்கும். இன்று பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது, அது சரியும்கூட. முற்றிய தென்னைச் சட்டமோ, பழைய வீட்டு மரமோ, இரும்புச் சட்டமோ வைத்துக்கொள்ளலாம். இரும்பு என்றதும் மரபு கெட்டதென்று கலங்க வேண்டாம். மூங்கிலையும் மறக்கக் கூடாது. காட்டுக்கு வெளியே விளையும் மூங்கில் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வனச் சட்டத்தில் மரக் கணக்கில் வராது. மூங்கிலைப் பிளந்து பரிசல் பின்னும் கை ஒகேனக்கல்லில் இருக்கிறது. ஓட்டுக்கு அடியில் தட்டி, திண்ணைக்குத் தடுப்பு, சன்னலுக்குப் படல் என்று அவர்களிடம் கேட்டு வாங்கலாம். பூச்சி அரிக்காமல் இருக்க வெண்காரம் கலந்த நீரில் ஊறவைத்த மூங்கிலாக இருக்க வேண்டும்.

பழைய மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் தூணும் நிலையும் கதவும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே நிற்கும் ஒவ்வொரு தூணும் இடிந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. வாங்க ஆள் இருப்பதால் இடிப்பது லாபமாகிறது. இடிந்ததை வாங்கிக் காப்பாற்றுகிறோம் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் தன் வீட்டு முகப்புக்காக இன்னொரு வீட்டின் நிலைவாசலைப் பெயர்க்கச் செய்வது எனக்கு ஒப்பவில்லை. பென்னாகரம் பக்கமே பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் கட்டுபவரிடம் விட்டமும் ஓடும் கிடைக்கும். அந்த மரம் அந்த ஊரிலேயே இன்னொரு வீட்டில் தொடர்வது நல்ல காரியம்.

முற்றத்துத் தண்ணீர்

தர்மபுரி மாவட்டத்தில் முற்றத்துக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த, எலும்பு வளைந்த தலைமுறைகளைக் கண்ட மாவட்டம் இது. ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இந்தக் காரணத்துக்காகத்தான் காவிரி நீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுபோகிறது. ஆற்று நீர் குழாயில் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீட்டுக்குக் கூரை மழைதான் நல்ல தண்ணீர். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் மாநிலத்தில் கட்டாயம். ஆனால் பெரும்பாலோர் ஒரு குழியும் குழாயும் வைத்துக் கணக்கை முடித்தார்கள்.

பழைய தொட்டிக்கட்டு வீட்டில் நாலு பக்கத்துக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, மழை முழுவதும் ஓரிடத்தில் விழுந்தது. செட்டிநாட்டில் மூலைக் குழாய்க்கு அடியில் அண்டா வைத்துப் பிடித்தார்கள். இதையே திட்டமாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் விழும். கூரையைக் கழுவி வரும் முதல் மழையை வெளியே விட்டு, பிறகு மணலும் கரியும் சரளையும் அடுக்கிய வடிகட்டி வழியாக முற்றத்துக்கு அடியில் உள்ள மூடிய தொட்டியில் சேர்த்தால், குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும். மரபு வீடு கட்டுகிறவர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவேன்.

பழைய வீட்டோடு பழைய கொடுமையும் சேர்ந்தே இருந்தது. திண்ணை வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது என்று பெருமையாகப் பேசுகிறோம். எந்தச் சாதிக்காரர் திண்ணையில் உட்காரலாம், எவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதையும் அந்தத் திண்ணைதான் கோடு போட்டுக் காட்டியது. வீட்டின் பின்கட்டு பெண்களை வெளியார் கண்ணில் படாமல் வைத்தது. சன்னலில்லாத அடுப்படியில் புகை குடித்து இருமியவள் வீட்டுக்காரி. கழிப்பறை இல்லை, இருந்த இடத்தில் பின்வாசல் சந்து வழியாக மனிதர் மலத்தை மனிதரே அள்ள வைத்தது. ஆகவே சமையலறை வீட்டின் முன்பக்கத்துக்கு வர வேண்டும். பெரிய சன்னலோடு, கூடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கழிப்பறை முதியவர் இரவில் எழுந்து போகும் தூரத்தில் வேண்டும். திண்ணையில் வேலையாளும் விருந்தாளியும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். அந்த எண்ணம் இல்லாதவர் திண்ணை கட்டாமல் இருப்பது மேல்.

கட்டும் கை

உலகத்தில் இந்த முயற்சி எங்கே சறுக்கியது என்று பார்த்தால் எகிப்தின் நியூ குர்னா நினைவுக்கு வரும். ஹசன் ஃபாத்தி 1940களில் பச்சை மண்கல்லால், வளைவுக் கூரையோடு ஓர் ஊரையே கட்டினார். கட்டடக்கலையாக அது மேதைமை. வளைவு கட்ட அசுவான் பக்கத்திலிருந்து கொத்தனார்களை அழைத்து வந்தார். குடியேற வேண்டிய மக்கள் வரவில்லை. பழைய இடத்தின் பிழைப்பை விட மனமில்லாதது ஒரு காரணம். குவிமாடம் அவர்களுக்குச் சமாதியை நினைவூட்டியது என்றும் சொல்வார்கள். அந்த நாட்டின் மரபுதான், ஆனால் அந்த ஊரின் மரபு அல்ல. இலங்கையில் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் ஈனா டி சில்வாவுக்குக் கொழும்பில் கட்டிய வீடு வேறு வழியில் போனது. நடுமுற்றமும் ஓட்டுக் கூரையும் உள்ளூர்க் கைவினையும் பழையவை. திறந்த திட்டம் முழுக்கப் புதியது. அந்த வீட்டுக்கு ஆபத்து வந்தபோது, பகுதி பகுதியாக எண் போட்டுப் பிரித்து லுனுகங்கையில் மறுபடி கட்டி நிறுத்தினார்கள்.

நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு கூரைக் குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். அதே பள்ளத்தாக்கில் துளிர் என்ற கற்றல் மையம் ஊர் இளைஞர்களுக்குக் கட்டட வேலையும் மின்வேலையும் கற்றுக்கொடுத்தது. லம்பாடிப் பெண்களின் மறந்துபோன எம்பிராய்டரி பொற்கை என்ற அமைப்பாக மீண்டும் உயிர்பெற்றதும் அங்கேதான். கைத்தொழில் பிழைக்க வேண்டுமானால் அதில் ஒருவருக்குக் கூலி கிடைக்க வேண்டும் என்பதைச் சிட்லிங்கி செய்து காட்டுகிறது.

ஆகவே செலவுக் கணக்கைப் போடும்போதே அதன் வடிவம் மாற வேண்டும். கான்கிரீட் வீட்டில் பணம் பொருளுக்குப் போகும். மண், கல், சுண்ணாம்பு வீட்டில் கூலிக்குப் போகும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து அழைத்து வருவதில் தவறில்லை. கூடவே இரண்டு உள்ளூர்க் கொத்தனார்களை முழுக் கூலி கொடுத்து அவரோடு நிறுத்த வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்த ஒப்பந்தம் பேசினால் சுண்ணாம்பு ஊறும் முன்பே பூச்சு ஏறிவிடும். நாள் கூலி பேசி, முதலில் கிணற்றடியிலோ மாட்டுக் கொட்டகையிலோ ஒரு சிறு சுவரைக் கட்டி, ஒரு மழைக்காலம் அதைப் பார்த்துவிட்டு வீட்டைத் தொடங்குவதே முறை. மழை விட்டுத் தை மாதத்தில் சுவர் எழுப்பினால் ஆனிக்குள் ஓடு போட்டுவிடலாம்.

கடைசியாக, வாரக்கடைசியில் மட்டும் வந்துபோக மரபு வீடு கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டில் கரையான் ஒரே மழைக்காலத்தில் நிலைவரை ஏறிவிடும். நகர்ந்த ஒற்றை ஓட்டைத் தள்ளி வைக்க ஆளில்லாமல் விட்டம் ஊறும். மழை பெய்யும்போது கூரையைப் பார்க்க வீட்டுக்குள் ஒருவர் இருக்க வேண்டும். பங்குனியில் வெள்ளையடிக்கவும் ஆடிக்கு முன் ஓடு சரிபார்க்கவும் ஊரில் இருக்கப் போகிற குடும்பம், அல்லது வீட்டின் ஒரு பகுதியில் குடியிருந்து பார்த்துக்கொள்ள ஊர்க்காரர் ஒருவரை நல்ல சம்பளத்தோடு வைத்துக்கொள்ளும் குடும்பம், இந்த இரண்டுக்கும் மட்டுமே ஒகேனக்கல் பக்கத்தில் இப்படியொரு வீட்டை நான் சிபாரிசு செய்வேன்.